வெறி மறமாகாது!

புதுக்கோட்டை மாவட்டத்துக் குன்றாண்டார்கோவில், குன்றைக் குடைந்தெடுத்த குடைவரைக் கோயிலால் பெயர்பெற்ற ஊர். கி.பி. 8ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்துக் கைவண்ணம் அது. அதன் முன்னே பிற்காலத்தார் எடுத்த மண்டபமோ தேர்வடிவினது. கல்லாலான உருளைகளும் கல்லாலான குதிரைகளும் பூண்டு, இந்நொடியே பாய்ந்துவிடும் என்னுமாறு அது நிற்கின்றது. ஆயினும் நின்றபடியே நிற்கின்றது. குன்றை ஆண்டவர் குன்றாண்டார். அவர் உறையும் இடம் குன்றாண்டார்கோவில். ஆட்டிடையனுக்கும் விளங்கும் பெயர்!

இத்துணைத் தெள்ளிய பெயர் இருக்கவும், கோயிலுள் உறையும் இறைவனுக்கு இன்று வழங்கும் பெயர் 'பர்வதகிரீசுவரர்' என்பது. பர்வதம் என்றாலும் மலை. கிரி என்றாலும் மலை. தன் குன்று ஒன்றை இழந்து வடமொழி மலைகள் இரண்டைப் பெற்றான் தமிழன். இரண்டும் அவனுக்கு விளங்கா. இரண்டும் அவனுடையவை அல்ல.

"பெயர் போனால் என்ன? பொருள் இருக்கின்றதே!" என்பார் உளர். பெயர் போகும்போது பொருளும் உடன்போகும் என்பதற்குக் கோயிலைவிட, அவ்வூர்ப் புறத்துப் புதர்க்காட்டில் ஆட்டுக்கிடைக்கு அருகே படுத்துக் கிடக்கும் உயிரே நல்ல சான்று. அது தமிழனின் வேட்டைநாய்.

பெயர் கெட்டது, பண்பும் கெட்டது

நாய்க்குத் தமிழில் பெயர்ப்பஞ்சம் இருந்ததில்லை. ஞமலி, ஞாளி, சுணங்கன், குக்கல் என நிகண்டுகள் அடுக்கிச் செல்கின்றன. தொல்காப்பிய மரபியல் பெண்நாயைப் 'பிணவு' என்னும் பெயரால் குறிக்கின்றது. அதன் குட்டியைக் 'குருளை' என்கின்றது. ஒரு விலங்கை ஆணென்றும் பெண்ணென்றும் குட்டியென்றும் தனித்தனிப் பெயரிட்டு அழைத்த இனம், அதனோடு நெருங்கி வாழ்ந்த இனம் என்பதில் ஐயமுண்டோ?

இன்று அந்நாயை வாங்குவோன் முதலில் செய்வது என்ன? 'டைகர்' என்றோ 'சீசர்' என்றோ பெயரிடுவது. 'கம்', 'சிட்', 'கோ' என்று ஆங்கிலத்தில் ஏவுவது. சிப்பிப்பாறையில் பிறந்த நாய்க்குச் சீமைமொழி புரியும், தமிழ் புரியாது என்பது இவர்கள் எண்ணம் போலும்! நாயின் உளப்பாங்கு யாது எனக் கேட்டால், 'டெம்பரமெண்ட்' என்னும் சொல்லை வாய்நிறைய உருட்டுவர். அச்சொல்லுக்குப் பொருள் என்னவென்று மேலும் கேட்டால், "நன்றாகக் கடிக்கும்" என்பர். அவ்வளவே அவர்தம் அறிவு.

இங்கேதான் கேடு தொடங்குகின்றது. 2017ஆம் ஆண்டுத் தைத்திங்களில் ஏறுதழுவல் உரிமைக்காகத் தமிழிளைஞர் கடற்கரையில் திரண்டபின், 'நாட்டினம்' என்னும் சொல் ஊர்தோறும் ஒலிக்கத் தொடங்கிற்று. நாட்டுமாடு, நாட்டுக்கோழி என்பவற்றோடு நாட்டுநாயும் பெருமைப் பொருளாயிற்று. மகிழத்தக்கதே. ஆனால், பெருமை வந்த வழியிலேயே வணிகமும் வந்தது. "வெறிகொண்ட தமிழ்நாய்", "ஆளைக் கிழிக்கும் நாய்" எனக் கூவி விற்போர் பெருகினர். பல்லைக் காட்டி உறுமும் படமே விளம்பரமாயிற்று. தமிழினத்தின் மறத்தை நாயின் கோரைப்பல்லில் தேடும் இரங்கத்தக்க நிலை வந்தது.

இவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். வெறி வேறு, மறம் வேறு. வெறிகொண்ட நாய் வேட்டைநாயே அன்று.

வேட்டை அறிந்தோர் அறிந்த நாய்

வேட்டைநாயின் இயல்பு நான்கு கால்களில் நிற்பது. கூர்மை ஒன்று, அமைதி ஒன்று, துணிவு ஒன்று, அடக்கம் ஒன்று. முன்னைய மூன்றும் பிறப்பில் வரும். நான்காவது வளர்ப்பில் வரும். நான்காவது இல்லையேல் முன்னைய மூன்றும் வளர்த்தவனுக்கே பகையாகும்.

புதுக்கோட்டைப் பக்கத்து நிலத்தை நினைத்துப் பார்க்க. செம்மண் மேடு, இடையிடையே காரையும் சூரையும் ஆவாரையும் மண்டிய புதர், கோடையில் வெடித்துக் கிடக்கும் கண்மாய், கொல்லை ஓரங்களில் கைப்பிடிச்சுவர் இல்லாத தரைக்கிணறு. இந்நிலத்தில் முயல் நேராக ஓடுவதில்லை. வெட்டி வெட்டித் திரும்பும், புதரில் பதுங்கும், நாயைக் கடந்தோடவிட்டுப் பின்னோக்கிப் பாயும். சிப்பிப்பாறையும் கன்னியும் மோப்பத்தினும் கண்ணையே பெரிதும் நம்பித் துரத்தும் நாய்கள். அவற்றின் ஒடுங்கிய முகமும், ஆழ்ந்த மார்பும், ஒட்டிய வயிறும், நீண்ட காலும் அதற்கென்றே அமைந்தவை. ஆயினும் உடம்பு மட்டும் ஓடுவதில்லை. உள்ளமும் உடன் ஓடுகின்றது.

புறப்படுமுன் குரைக்கும் நாய் வேட்டையைக் கெடுக்கும். உடனோடும் நாயைக் கடிக்கும் நாய் அணியைக் கெடுக்கும். வழியில் ஆட்டுக்குட்டியைக் கண்டு அதன்மேல் பாயும் நாய் வளர்த்தவனின் குடியைக் கெடுக்கும். அழைத்த குரலுக்குத் திரும்பாத நாயோ தன்னையே கெடுக்கும். அதன் ஓட்டம் பல வேளைகளில் தரைக்கிணற்றில் முடியும். வில்லிலிருந்து விடுபட்ட அம்பைத் திரும்ப அழைக்க இயலாது. வேட்டைநாய் திரும்ப அழைக்கத்தக்க அம்பு. அதுவே அதன் உயர்வு. அவ்வுயர்வை இழந்த நாய், குறிதப்பிய அம்பினும் தாழ்ந்தது.

இதனைப் புதுக்கோட்டை மாவட்டத்தானுக்கு விளக்கத் தேவையில்லை. வாடிவாயிலில் சீறிப் பாயும் காளை, வீட்டுக்கொட்டிலில் சிறுமி நீட்டும் கைத்தவிட்டைத் தலைதாழ்த்தி உண்பதை அவன் நாளும் காண்கின்றான். களத்தில் சீற்றம், கொட்டிலில் அமைதி. இரண்டும் ஒரே உயிரில். கொட்டிலிலும் சீறும் காளையை எவனும் போற்றி வளர்ப்பதில்லை. காளைக்கு ஒரு முறை, நாய்க்கு வேறொரு முறையா?

முன்னோர் போற்றியது எது?

"பழந்தமிழர் வேட்டுவர், அவர்தம் நாய்கள் கொடியவை" என்பார், பழந்தமிழ் நூல்களைத் திறந்து பார்த்தாரல்லர்.

பெரும்பாணாற்றுப்படை காட்டும் முயல்வேட்டையில் நாய் தனியே கொல்வதில்லை. வேட்டுவர் நாயோடு சென்று புதர்களை அலைக்கின்றனர். வேலியில் வலையை மாட்டி முயலைச் சூழ்கின்றனர். கிடைத்ததைக் கூடி உண்கின்றனர். நாயும் வலையும் ஆளும் ஒருங்கிணைந்து செய்யும் தொழில் அது. தன் வெறியில் தான் ஓடும் நாய்க்கு அங்கே இடமேது?

பெரியபுராணத்தில் கண்ணப்பர் பிறந்த வேட்டுவர் குடி, ஈவிரக்கமற்ற குடி என்றே எண்ணுவர் பலர். சேக்கிழாரோ அவர்தம் வேட்டையில் ஒரு வரம்பைக் காட்டுகின்றார். யானைக் கன்றுகளை அவர்கள் தொடர்வதில்லை. சிறு குட்டிகளைக் கொல்வதில்லை. கருவுற்றுத் தளர்ந்து நடக்கும் பிணைமானை அலைப்பதில்லை. எதிர்த்து வரும் கொடுவிலங்கின்மேலேயே அவர்தம் வில் வளையும். ஆளுக்கு இத்தகைய வரம்பு உண்டெனின், அவன் கட்டவிழ்த்துவிடும் நாய்க்கும் அவ்வரம்பு இருந்தாக வேண்டும். கருவுற்ற பிணையை நோக்கி ஓடும் நாயைத் திருப்பிக்கொள்ள இயலாதவன் அவ்வறத்தைக் காத்தல் எங்ஙனம்?

இன்னும் ஒன்று. மரபியல் குருளை என்னும் பெயரை நாய்க்குட்டிக்கு மட்டும் தரவில்லை. பன்றிக்கும் புலிக்கும் முயலுக்கும் அதே பெயரைத் தருகின்றது. துரத்தும் நாயின் குட்டியும் குருளை. துரத்தப்படும் முயலின் குட்டியும் குருளை! இருவகைக் குட்டியையும் ஒரே சொல்லால் அழைத்த மொழி தமிழ். அம்மொழியை மறந்தவனுக்கே முயல் வெறும் இறைச்சியாகவும் நாய் வெறும் பல்லாகவும் தோன்றும்.

கல்லில் நிற்கும் சான்று இதனினும் வலியது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு, 7ஆம் நூற்றாண்டினது. அதில் மாண்ட மறவனின் பின்னே ஒரு நாய் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்பது அதன் பெயர். கள்வர் இருவரைக் கடித்து, அது காத்துநின்றது எனக் கல்வெட்டுக் கூறுகின்றது. அந்நாய்க்குப் பெயர் இருந்தது. அப்பெயரைக் கல்லில் வெட்டவும் ஊர் முனைந்தது. எதற்காக வெட்டிற்று? எத்தனை பேரைக் கிழித்தது என்று எண்ணிச் சொல்லவா? இல்லை. கடிக்க வேண்டியவரைக் கடித்தது. கடித்தபின் அகலாது காத்து நின்றது. பாய்ச்சலும் நிலைப்பும் ஒருங்கே அமைந்த அவ்வியல்பையே தமிழன் கல்லெடுத்துப் போற்றினான். ஆயிரத்து முந்நூறு ஆண்டு கடந்தும் அழியாத அச்சான்றிதழுக்கு முன், இன்றைய விற்பனையாளனின் உறுமல் படம் எம்மாத்திரம்?

கூச்சமா, மானமா?

இனி மறுபக்கத்தாரையும் கேட்க வேண்டும். அயல்நாட்டு நாய்நூல்களைக் கற்றுத் தேர்ந்த நகரத்தார் சிலர், "உங்கள் கன்னியும் சிப்பிப்பாறையும் கூச்சமுடையவை; பிறர் தொட்டால் ஒதுங்கும்; எளிதில் பழக்க இயலா" என இகழ்கின்றனர். வாலைக் குழைத்து வந்தவர் போனவர் மடியிலெல்லாம் ஏறும் நாயே இவர்க்கு நன்னாய்.

கன்னி அயலார் கையை விரும்புவதில்லை என்பது உண்மை. அயலான் நீட்டும் உணவுக்கு முகம் திருப்புவதும் உண்மை. அது குறையன்று, மானம். வளர்த்தவனை அறியும், வீட்டாரை அறியும், கிடையின் ஆட்டை அறியும். மற்றவரிடத்து விலகி நின்று நோக்கும். எல்லார்க்கும் குழையும் வாலை அன்பென்று கொள்வது, எல்லார்க்கும் வளையும் முதுகைப் பண்பென்று கொள்வதை ஒக்கும். அப்படி வளைந்து வளைந்தே ஆட்சிமொழியையும் வழிபாட்டுமொழியையும் பிறர்க்கு விட்டுக்கொடுத்த ஓர் இனத்துக்கு, வளையாத நாய் கூச்சமுடையதாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆனால், மானத்தின் பெயரால் அச்சத்தை மறைத்தலும் கூடாது. இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும். மானமுள்ள நாய் விலகி நின்று கண்ணை நேரே நோக்கும், உடம்பு தளர்ந்திருக்கும், நடப்பதை அறிய முனையும். அச்சமுற்ற நாய் வாலை அடிவயிற்றில் ஒடுக்கும்; கண்ணை அங்குமிங்கும் உருட்டும்; மூலையில் அடைபட்டால் கடிக்கும். அக்கடியைக் கண்டு "என் நாயின் துணிவைப் பார்!" என மார்தட்டுவோன் அறிவிலி. பெரும்பாலும் அது துணிவின் கடியன்று, அச்சத்தின் கடி.

இவ்வச்சம் எங்கிருந்து வருகின்றது? ஆராய்ந்தோர் அதனை அறிந்து சொல்லியுள்ளனர். அமெரிக்க அறிஞர்களான சுகாட்டும் புல்லரும் நாய்களின் மரபியல்பும் பழகுமுறையும் பற்றிப் பல்லாண்டு ஆய்ந்து 1965இல் நூலொன்று வெளியிட்டனர். பிறந்து 3 கிழமை முதல் 12 கிழமை வரையிலான காலமே குட்டி உலகைத் தன் உறவாக ஏற்கும் காலம் என்பது அவ்வாய்வின் முடிவு. அக்காலத்தில் மாந்தரையும் ஆட்டையும் மாட்டையும் சிறுவரையும் காணாத குட்டி, பின்னர் அவற்றைக் கண்டு அஞ்சும். ஊரில் பிறந்த நாய்க்குட்டி இப்பாடத்தைக் கட்டணமின்றிக் கற்றது. திண்ணையில் தவழ்ந்தது, கிடையில் உருண்டது, பிள்ளைகளின் கையில் வளர்ந்தது. இன்றோ கண் திறந்த சில நாளில் பெட்டியிலிட்டு விற்கப்படுகின்றது. எட்டுக் கிழமை நிறையாத குட்டியை விற்றலாகாது என 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள் கூறுகின்றன. விதி தாளில் இருக்கின்றது. குட்டியோ பெட்டியில் இருக்கின்றது.

இனக்கலப்பின்மை என்னும் பெயரில் நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்ப்பதும் மற்றொரு கேடு. இராசபாளைய நாய்க்குப் பால்வெள்ளை மேனியும் இளஞ்சிவப்பு மூக்கும் வேண்டும் என்னும் மோகத்தால், செவிகேளாக் குட்டிகள் பிறக்கின்றன. அடக்கமே முதற்பண்பு எனப்பட்டது. அடங்குதற்கு அழைக்கும் குரல் கேட்க வேண்டாமா? வெண்மைக்கு ஆசைப்பட்டுச் செவியை விற்றவன், நாயின் பண்பையும் உடன் விற்றான். தேனி மாவட்டத்துக் கோம்பை நாயோ காட்டுப்பன்றியை எதிர்த்து நின்ற துணிவுடையது. அதனை வாயிற்கம்பியில் இரவும் பகலும் சங்கிலியிட்டுக் கட்டிவிட்டு, தெருவில் போவாரையெல்லாம் கண்டு குமுறும்படி ஆக்குகின்றனர். ஓடப் பிறந்ததைக் கட்டினால் வெறிதான் வரும். பின்னர், "இனமே கொடிது" என்னும் பழியும் அதன் தலையிலேயே விழும்.

வேட்டை முடிந்தது, நாய் முடிய வேண்டுமா?

ஒரு கேள்வியை மறைக்காமல் எதிர்கொள்ள வேண்டும். காட்டுயிர்க் காப்புச் சட்டம் 1972இல் வந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் வேட்டை உரிமம் என்பதையே அகற்றிற்று. கொல்வது மட்டுமன்று, துரத்துவதும் கண்ணி வைப்பதும் அச்சட்டத்தின்படி வேட்டையே. முயலும் அச்சட்டத்தின் காப்பில் உள்ளது. ஆகவே இன்று நாயைவிட்டு முயல்பிடிப்பது குற்றம்.

"சட்டம் நம் மரபை அழிக்கின்றது, இரவில் விளக்கடித்து வேட்டையாடுவோம்" என்போர் உளர். கண்ணைக் கூசச்செய்யும் ஒளியில் திகைத்து நிற்கும் முயலின்மேல் நான்கு நாய்களை ஏவி, அதனைப் படமும் பிடித்துப் பரப்புகின்றனர். இது மரபா? சேக்கிழார் காட்டிய வேட்டுவன் இதனைக் கண்டால் காறி உமிழ்வான். புதர்க்காடுகள் அழிந்து தைலமரத் தோப்புகளாய்விட்ட காலத்தில் எஞ்சியிருக்கும் சில முயல்களையும் கொன்றுவிட்டு, எந்த மரபை எங்கே காப்பது? இவ்விரவு வேட்டை நாய்க்குக் கற்பிப்பது ஒன்றே: வரம்பின்மை.

கொலையின்றி ஓட்டம் இல்லையென நினைப்பதும் பிழை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க எழுத்தாளர் அரியன் வேட்டைநாய் பற்றித் தனிநூலே எழுதினார். மெய்யான வேட்டையாளர் முயலைக் கொல்லுதற்காக நாயைக் கொண்டுசெல்வதில்லை. நாயும் முயலும் ஓடும் போட்டியைக் காணவே செல்கின்றனர். முயல் தப்பிப் பிழைத்தால் மகிழ்கின்றனர் என்பது அவர் கருத்து. அவரைப் பின்பற்றித் தமிழன் நடக்க வேண்டும் என்பதன்று. நாய்க்கு வேண்டுவது ஓட்டமே, குருதியன்று என்பதை வேற்றுநாட்டாரும் பண்டே உணர்ந்திருந்தனர் என்பதற்கே இது காட்டப்பட்டது. அவர்க்கும் முயலே தேவைப்பட்டது. இன்றோ அதுவும் தேவையில்லை. கயிற்றில் கட்டி இழுக்கும் தோல்துண்டின்பின் நாயை ஓடவிடலாம். அறுவடை முடிந்த வெற்றுவயலில் விடியலில் அவிழ்த்துவிட்டுக் குரல்கொடுத்து அழைக்கலாம். கிடைக்காவலுக்கும் தோட்டக்காவலுக்கும் பழக்கலாம். கூர்மையும் அமைதியும் துணிவும் அடக்கமும் இவற்றுள் ஒன்றிலும் குறைவதில்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்பதற்கில்லை. 2005ஆம் ஆண்டு அஞ்சல்துறை வெளியிட்ட நாய்கள் பற்றிய நான்கு அஞ்சல்தலைகளுள் ஒன்றில் இராசபாளைய நாய் இடம்பெற்றது. சென்னைச் சைதாப்பேட்டையில் கால்நடைத்துறையின் நாய்ப்பண்ணை நாட்டினங்களை வளர்த்தது. இந்தியத் தலைமை அமைச்சர் 2020 ஆகத்து 30ஆம் நாள் வானொலி உரையில் இராசபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய நான்கனையும் பெயர்சொல்லிப் போற்றினார். அஞ்சல்தலை நாயைப் படமாக்கும். பண்ணை குட்டியைத் தரும். உரை புகழைத் தரும். பண்பைத் தருபவன் வளர்ப்பவன் ஒருவனே. உடற்கூற்றை அளக்கக் கோல் உண்டு. உள்ளத்தை அளக்க வீட்டுமுற்றமே உண்டு.

செய்யத்தக்கன

தமிழ் வேட்டைநாயைக் காக்க விழைவோர் செய்யத்தக்கன சிலவே. ஆயினும் செய்தே தீர வேண்டியன.

குட்டியைத் தாயிடமிருந்து எட்டுக் கிழமைக்குமுன் பிரிக்காதொழிக. பிணவும் ஆணும் நெருங்கிய உறவாயின் இணைசேர்க்காதொழிக. செவிகேளாக் குட்டி ஈன்ற இணையை மீண்டும் சேர்க்காதொழிக. அழகுக்கென்று காதை அறுக்கும் கொடுமையைக் கைவிடுக. பகலெல்லாம் கட்டிவைத்து இரவில் ஏவும் வழக்கத்தை ஒழிக்க. விலை பேசுமுன் குட்டியின் நிறத்தைப் பாராது, அதன் தாய் அயலாரைக் கண்டு எங்ஙனம் நிற்கின்றது என்பதைப் பார்க்க. ஒதுங்கி நின்று நோக்குமாயின் வாங்குக; ஒடுங்கி நடுங்குமாயின் விடுக; காரணமின்றிப் பாயுமாயின் அவ்வீட்டுப் பக்கமே போகற்க.

தமிழ்ப்பெயர் இடுக. 'வா' என அழைக்க. 'நில்' என நிறுத்துக. 'விடு' என விடுவிக்க. இவற்றினும் குறுகிய சொல் எம்மொழியில் உண்டு? ஓரெழுத்திலும் ஈரெழுத்திலும் ஏவல் அமைந்த மொழியை வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தைக் கடன் வாங்குவோனைக் கண்டால் நாயும் நகைக்கும்.

நாயை இழிசொல்லாக்கிப் பிறரை வைவதையும் விடுக. எடுத்தனூரில் கல்நட்டுப் போற்றிய உயிரின் பெயரை வசையாக்கியவன், தன் முன்னோரையே வைகின்றான்.

'நில்' என்னும் ஒரு சொல்லில் அடங்கியுள்ளது அனைத்தும். முயல் கண்முன்னே ஓட, குருதி கொதிக்க, கால் நிலத்தில் பாவாது பறக்கும் வேளையில், பின்னிருந்து வரும் அச்சொல்லைக் கேட்டு நிற்கும் நாயே வேட்டைநாய். சொல்லுவோன் அடித்துப் பழக்கியவனாயின் அது நில்லாது. நிற்பினும் அஞ்சி நிற்கும். அன்பால் வளர்த்தவனாயின், அவன் குரலைத் தன் விருப்பினும் பெரிதெனக் கொண்டு நிற்கும். அந்நிலையில் அடிமைத்தனம் இல்லை, ஆட்சி இருக்கின்றது. தன்னைத் தான் ஆளும் ஆட்சி அது.

குன்றை ஆண்டவரைக் குன்றாண்டார் என்றனர் முன்னோர். அவர் கோயில்முன் கற்றேரும் கற்குதிரைகளும் பாயும் கோலத்தில் நின்றுகொண்டேயிருக்கின்றன. பாயும் ஆற்றலும் நிற்கும் ஆற்றலும் ஒன்றே எனக் கல்லில் எழுதிவைத்த மண்ணில், வெறியை மறமென்று விற்க வருவோனைக் கண்டால் தமிழன் சொல்ல வேண்டிய சொல்லும் அதுவே:

நில்!